குப்பைக்குழியும் குடும்பமும்

குடியானவன் வீட்டில் குப்பை என்று தனியே ஒன்று முற்காலத்தில் இருந்ததில்லை. அரிசி களைந்த நீர் மாட்டுத் தொட்டிக்குச் சென்றது. அடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்கப் பயன்பட்டது. வாசல் பெருக்கிய தூசும் சருகும் கொல்லைப்புறத்து எருக்குழியைச் சேர்ந்தன. கிழிந்த பாய், இற்றுப்போன கயிறு, உடைந்த முறம், ஓலைப்பெட்டி ஆகியனவும் அக்குழியிலேயே விழுந்து மக்கி, கோடையில் வண்டியேறி வயலுக்குப் போயின. வீட்டிலிருந்து கழிந்த பொருள் யாவும் இவ்வாறு நிலத்துக்கே திரும்பியபடியால், வேண்டாததைக் குழியில் போடுக என்னும் ஒரே விதி குடும்பத்துக்குப் போதுமானதாயிருந்தது.

இவ்விதி இன்றும் பல வீடுகளில் அனுசரிக்கப்பட்டு வருகிறது. விதி மாறவில்லை; ஆனால் குழியில் விழும் பொருள்கள் மாறிவிட்டன. எண்ணெய் உறை, பால் உறை, ஷாம்பு உறை, மிட்டாய்த் தாள், மாத்திரை அட்டை, தீர்ந்துபோன பாட்டரி ஆகியவை சருகுடனும் சாணத்துடனும் ஒன்றாய்க் கொட்டப்படுகின்றன. சில மாதங்கள் கழித்து எருவை வெட்டி எடுக்குங்கால், சருகு மண்ணாயிருக்கும்; உறைகளோ போட்டவண்ணமே இருக்கும். அவ்வெருவை வயலில் இறைப்பவர், நிலத்துக்கு உரத்தோடு நஞ்சையும் சேர்த்தே இடுகிறார். பிளாஸ்டிக் தாள் மண்ணினுள் தண்ணீர் இறங்குவதையும் வேர் ஓடுவதையும் தடுக்கிறது. நாளடைவில் வெயிலாலும் உழவாலும் அது பொடிப்பொடியாகிவிட்டால், பின்னர் எவராலும் அதைப் பொறுக்கி எடுத்தல் இயலாது. குப்பைமேட்டில் மேயும் மாடு, உணவு ஒட்டியிருக்கும் பையை விழுங்கின், அது இரைப்பையில் செரியாது தங்கி, தீனியெடுப்பதைக் குறைத்து, சில வேளைகளில் உயிருக்கே முடிவாகிறது.

எரிப்பது பரிகாரமாகாது

பலர் பிளாஸ்டிக்கை எரித்துவிடுகின்றனர். விறகு பற்றுவதற்காக அடுப்பிலேயே அதனை இடுவோரும் உளர். இது மிகவும் தீங்கான வழக்கம். சிலவகைப் பிளாஸ்டிக் எரியும்போது டையாக்ஸின் என்னும் கொடிய நஞ்சு உண்டாகிறது. அடுப்படியில் நாள்தோறும் குனிந்திருக்கும் பெண்களும், அவர்கள் இடுப்பிலிருக்கும் குழந்தைகளுமே அப்புகையை முதலில் சுவாசிப்பவர்கள். ஆதலின் கொல்லையிலாயினும் அடுப்பிலாயினும் பிளாஸ்டிக்கை எரித்தல் கூடாது.

வீட்டிலேயே பிரித்தல்

எனவே பழைய விதியோடு மற்றொன்றைச் சேர்க்க வேண்டியதாகிறது. மக்குவதும் மக்காததும் ஒன்றுசேருமுன் அவற்றைப் பிரித்துவிட வேண்டும். கலந்தபின் பிரிப்பது ஒரு நாள் வேலை. கலக்குமுன் பிரிப்பது ஒரு கை அசைவே. இதற்குச் செலவு ஏதுமில்லை. மூன்று கலங்கள் இருந்தால் போதும்.

முதலாவது, மூடியுள்ள ஒரு மண்சட்டி அல்லது வாளி. காய்கறித் தோல், பழத்தோல், தேயிலைச் சக்கை, முட்டையோடு, வாடிய பூ, எச்சில் இலை ஆகியவை இதில் சேரும். நாள்தோறும் மாலையில் இதனைக் குழியில் கொட்டிவிட வேண்டும்.

இரண்டாவது, ஒரு கூடை அல்லது சாக்கு. காகிதம், கண்ணாடி, தகரம், பிளாஸ்டிக் உறை ஆகியவற்றை இதில் இடலாம். பால் உறையையும் எண்ணெய் உறையையும் அலசிக் காயவைத்தே போடுதல் வேண்டும். பால் உறை, புட்டி போன்றவை சுத்தமாயிருப்பின் பழைய சாமான் வாங்குவோர் எடுத்துக்கொள்வர். அழுக்கும் பிசுக்கும் ஏறியவற்றை எவரும் தொடார். விலைபோகாதவற்றை ஊராட்சித் துப்புரவுப் பணியாளரிடம் ஒப்படைக்கலாம்.

மூன்றாவது, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் ஒரு சிறு பெட்டி. பாட்டரி, உடைந்த விளக்கு, காலாவதியான மருந்து முதலியன இதற்குரியவை. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் இம்மூவகைப் பிரிவினையே வலியுறுத்தின.

பூச்சிமருந்துப் புட்டியைப் பற்றித் தனியே எச்சரித்தல் அவசியம். அதனை வீட்டுக்குள் கொண்டுவருதலே தவறு. காலியானவுடன் வயலிலேயே மும்முறை அலசி, அந்நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிப் பயிருக்குத் தெளித்துவிட்டு, புட்டியைத் துளையிட்டுவிட வேண்டும். எவ்வளவு கழுவினும் அதில் எண்ணெயோ குடிநீரோ வைத்தல் ஆகாது.

குழி அமைக்கும் முறை

கழிவுப் பொருள்களைச் சீராக மக்கவைக்கும் முறையை ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் விஞ்ஞானி 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆராய்ந்து வகுத்தார். இந்தூர் முறை எனப் பெயர்பெற்ற அதன் சாரத்தைச் சிறு குடும்பமும் எளிதில் கைக்கொள்ளலாம்.

மழைநீர் தேங்காத மேட்டிடத்தில், கிணற்றுக்கு ஐம்பது அடிக்கேனும் அப்பால், 6 அடி நீளம், 4 அடி அகலம், 3 அடி ஆழம் உள்ள இரு குழிகளை அருகருகே வெட்டுக. ஒன்று நிரம்பி மக்கும் காலத்தில் மற்றது பயன்படும். மேலே தென்னங்கீற்றால் பந்தலிட்டால் வெயிலும் மழையும் தாக்கா. அடியில் அரையடி உயரம் சுள்ளியும் சருகும் பரப்பி, அதன்மேல் வீட்டுக் கழிவையும் தொழுவக் கூளத்தையும் பரப்பி, சாணக் கரைசல் தெளித்து, மெல்லிதாய் மண் தூவ வேண்டும். நாள்தோறும் கொட்டும் பச்சைக் கழிவை ஒரு கூடைச் சருகாலோ மண்ணாலோ மூடிவிடின் ஈயும் நாற்றமும் இரா. பச்சைக் கழிவு மட்டும் மிகுந்தால் குழி அழுகி நாறும். சருகு மட்டும் மிகுந்தால் மாதக்கணக்கில் மக்காது கிடக்கும். இரண்டும் கலந்திருத்தலே இதன் இரகசியம்.

ஈரம் சரியாயுள்ளதா என்பதை அறிய, ஒரு பிடி அள்ளிப் பிழிந்து பார்க்கலாம். கையில் ஈரம் படிய வேண்டும், நீர் சொட்டலாகாது. குழி நிரம்பிய பதினைந்தாம் நாள் ஒரு முறையும், மேலும் பதினைந்து நாள் கழித்து ஒரு முறையும், பின்னர் ஒரு மாதம் சென்று ஒரு முறையும் கிளறிவிட்டால், ஏறக்குறைய மூன்று மாதத்தில் எரு தயாராகும். கறுத்து, உதிரியாய், மண்வாசனை வீசுவதே நல்லெருவின் அடையாளம்.

அடுப்புச் சாம்பலைச் சாணத்தோடு இக்குழியில் கலத்தல் கூடாது. சாம்பலின் காரம் சாணத்திலுள்ள தழைச்சத்தை ஆவியாக்கி ஓட்டிவிடும். அதனை நனையாமல் ஒரு பானையில் சேர்த்துவைத்துக் காய்கறிப் பாத்திகளுக்குத் தனியே இடலாம்.

சாணமும் கோமியமும்

இரண்டு மாடுகள் உள்ள வீட்டில் நாளொன்றுக்குச் சுமார் 20 கிலோ சாணம் கிடைக்கும். ஓராண்டில் 7,000 கிலோவுக்கு மேலாகும். நூற்றுக்கு 0.3 பங்கு என்று கொண்டாலும் அதிலுள்ள தழைச்சத்து ஏறக்குறைய 22 கிலோ. 45 கிலோ எடையுள்ள ஒரு மூட்டை யூரியாவிலுள்ள அளவுக்கு அது குறைவன்று. அதில் பாதியை வறட்டி தட்டி எரிப்பவர், ஆண்டுதோறும் அரை மூட்டை யூரியாவைப் புகையாய் விடுபவராவார். எரிந்தபின் எஞ்சும் சாம்பலில் தழைச்சத்து இராது.

எரிபொருளும் வேண்டும், எருவும் வேண்டும் என்போருக்குச் சாண எரிவாயுக் கலமே தக்க வழி. சுமார் 25 கிலோ சாணத்திலிருந்து ஒரு கன மீட்டர் வாயு கிடைக்கும். நான்கு பேருள்ள குடும்பத்தின் ஒருநாள் சமையலுக்கு அது ஏறத்தாழப் போதுமானது. வெளிவரும் சாணக் குழம்பில் தழைச்சத்து அழியாதிருப்பதால் அதனை எருக்குழியில் விடலாம். அடுப்படியில் புகையும் இராது.

கோமியத்தில் தழைச்சத்தின் விகிதம் சாணத்தைவிட அதிகம். ஆயினும் அது தொழுவத் தரையில் ஊறி வீணாகிறது. தரையில் உலர்ந்த மண்ணைப் பரப்பி, அது நனைந்தபின் அள்ளிக் குழியிலிட்டு, புதுமண் பரப்பினால் இந்நஷ்டம் நீங்கும்.

வராமல் தடுத்தலே முதல் சிக்கனம்

குப்பையைப் பிரிப்பதைவிட, மக்காத குப்பை வீட்டுக்குள் வராமற் செய்தல் சிறந்தது. தமிழ்நாட்டில் ஒருமுறை உபயோகித்தெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்கள் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டன. 2021 டிசம்பரில் மஞ்சள் துணிப்பையை மீண்டும் வழக்கத்துக்குக் கொண்டுவரும் இயக்கம் தொடங்கப்பட்டது. சந்தைக்குப் போகுங்கால் துணிப்பையும், எண்ணெய்க்குத் தூக்குப் பாத்திரமும் கொண்டுசெல்வது நம் பாட்டிமார் அறிந்த பழக்கமே. விசேஷங்களில் வாழையிலையும் மந்தாரையிலையும் தொன்னையும் இட்டால், பந்தி முடிந்தபின் அவையனைத்தும் எருக்குழிக்கே உரியனவாகும்.

இவ்வேலை முழுவதையும் வீட்டுப் பெண்களின் தலையில் சுமத்துவது நியாயமன்று. குழி வெட்டுதலும் கிளறுதலும் ஆண்மக்கள் செய்யத்தக்கவை. உறைகளை அலசிக் காயவைத்தல் சிறுவர்களுக்கும் இயலும். ஒரு வீட்டின் உறைகளால் ஊர் கெட்டுவிடுமா என்று சிலர் வினவலாம். ஊர் கிடக்கட்டும், அவ்வெரு போய்ச் சேர்வது அவரவர் வயலிலேயே அன்றோ?

வருங் கோடையில் குழியை வெட்டும்போது, ஒரு கூடை எருவைச் சாக்கின்மேல் பரப்பி, அதிலிருக்கத் தகாதவற்றைப் பொறுக்கி எண்ணிப் பார்த்து, அத்தொகையைச் சுவரில் எழுதிவைக்குக. மறு கோடையிலும் அவ்வாறே எண்ணுக. குடும்பம் திருந்திய அளவு அதில் விளங்கும்.