கேழ்வரகிலும் கேக் மணக்கும்!

பிறந்தநாள் வந்தால் வீட்டிலேயே கேக் செய்து அசத்த ஆசையா? நல்ல பொழுதுபோக்குதான். அதற்காக மைதா, எசென்ஸ், கலர் பொடி என்று கடைக்கு ஓடணுமா என்ன? எங்கள் தர்மபுரி மாவட்டத்தில் விளைகிற கேழ்வரகு இருக்கிறதே! 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து.

கேழ்வரகில் மாவைப் பிடித்து உப்ப வைக்கும் குளூட்டன் கிடையாது. பாதிக்குப் பாதி கோதுமை மாவு சேருங்கள், கேக் உதிராது. எசென்ஸுக்குப் பதில் ஏலம், சுக்கு. மணத்துக்கு மணம், செரிமானத்துக்கும் துணை.

அலங்காரத்துக்கு? ரோஸ் நிறம் வேண்டுமா, பீட்ரூட் சாறு. மாவில் கலந்தால் அடுப்புச் சூட்டில் மங்கிவிடும், மேல்பூச்சில் கலக்குங்கள். மஞ்சள்தூளும் அப்படியே. சோடா உப்பு போட்ட மாவில் சேர்ந்தால் சிவந்துபோகும்!

பெயர் தெரியாத கலர் பொடி மட்டும் வேண்டவே வேண்டாம். துணிச்சாயமான ரோடமின்-பி கலந்திருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டது.

இன்னொன்று. கருப்பட்டி போட்டாலும் இனிப்பு இனிப்புதான். சர்க்கரை நோய் உள்ள தாத்தா ஆசைப்பட்டால் சின்னத் துண்டு ஒன்று கொடுங்கள். ‘கேழ்வரகு கேக்தானே’ என்று இரண்டாவதை மட்டும் நீட்டிவிடாதீர்கள்!