மண்ணறிந்து மதிப்பிடுவோம்

டெனிஸ் சுற்றுப்போட்டியொன்றின் ஆட்ட நிரல் வெளிவந்ததும், வெல்பவர் யாரெனக் கணிப்பது சுவைஞர் வழக்கம். பெரும்பாலோர் வீரரின் பெயரையும் தரவரிசையையும் கண்ட அளவில் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். வயலும் கடலும் சூழ்ந்த அட்டாளைச்சேனையில் வாழும் எனக்கு அம்முறை உடன்பாடன்று. விதைக்குமுன் நிலத்தைப் பார்ப்பவர்கள் நாம். வள்ளுவரும் இடனறிதலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார்.

பாரிஸ் நகரத்து ரோலண்ட் கரோஸ் அரங்கை எடுத்துக்கொள்வோம். செங்கற்பொடி பரப்பிய அக்களிமண் தரையில் பந்து வேகம் குன்றி உயர எழும்புகிறது. புற்றரையில் எதிரியைத் திணறடிக்கும் சேர்விஸ் இங்கே வலுவிழக்கிறது. சளைக்காது ஓடிப் பொறுமையோடு ஆடுபவரே மேலோங்குகிறார். விம்பிள்டனில் 7 முறை வென்ற பீட் சாம்ப்ராஸ் இங்கு ஒருமுறையேனும் வாகை சூடவில்லை. ரபேல் நடாலோ 2005 முதல் 2022 வரை 14 முறை சூடினார்.

அடுத்து ஆராய வேண்டியது பாதை. ஆடவர் பிரிவில் 128 பேர். பட்டம் பெற 7 வெற்றிகள் வேண்டும். முதலிரு தரத்தினரும் நிரலின் வெவ்வேறு பாதிகளில் வைக்கப்படுவதால் இறுதியாட்டத்துக்கு முன் சந்தியார். ஆயினும் தொடக்கச் சுற்றிலேயே ஐந்து செற் போராட நேர்ந்தவர், வென்றும் களைத்தே அடுத்த களம் புகுவார். 1997இல் உலக வரிசையில் 66ஆம் இடத்திலிருந்த பிரேசில் நாட்டுக் குஸ்தாவோ குயெர்டன் பட்டத்தையே வென்றார் என்பதையும் மறத்தலாகாது.

மண்ணும் பாதையும் அறிந்த பின்னும் மனிதன் எஞ்சுகிறான். 1993இல் டேவிஸ் கிண்ணக் காலிறுதியில் இந்தியாவும் பிரான்சும் பிரெஜுஸ் நகரில் மோதின. 1991இல் கிண்ணம் வென்ற பிரான்ஸ், தரையைத் தெரிவு செய்யும் உரிமையால் களிமண்ணையே தெரிந்தது. இந்தியாவோ புற்றரையில் பெயர்பெற்ற நாடு. பெயரைப் பார்ப்பினும் மண்ணைப் பார்ப்பினும் பிரான்ஸ் பக்கமே கணிப்புச் சாயும். ஆனால் ஆட்டங்கள் 2–2 எனச் சமமாயின. இறுதி ஆட்டத்தில் சென்னையின் ரமேஷ் கிருஷ்ணன், தம் 32ஆம் வயதில், ரொடோல்ப் ஜில்பேரை வென்று நாட்டைக் கரைசேர்த்தார்.

தற்செயல் என்பாருளர். நான் இணங்கேன். 1960, 1961ஆம் ஆண்டுகளில் விம்பிள்டன் அரையிறுதி கண்ட ராமநாதன் கிருஷ்ணனின் மைந்தரான ரமேஷ், 1979இல் பிரெஞ்சு இளையோர் பட்டத்தை வென்றவர். அந்த மண் அவருக்குப் புதிதன்று. இந்தியர் என்றதும் புற்றரையை மட்டும் நினைப்பவர் அவ்வரலாற்றைத் தவறவிடுவர்.

ஆசிரியர் கலாசாலை அமைந்த ஊரிலிருந்து இதை எழுதுகிறேன். புள்ளிப் பட்டியலை மட்டும் கொண்டு மாணவனை எடைபோடும் நம்மவர், அவன் எந்த மண்ணில் எவ்வளவு ஓடிவந்தான் என்பதையும் சற்றே விசாரித்தறிவாராக.