ஒருசந்தியும் ஒரு சுவரும்

மாசி மாதத்தை ஒட்டி வரும் ஒரு புதன்கிழமையன்று, கத்தோலிக்கர்கள் நெற்றியில் சாம்பல் இட்டுக்கொண்டு கோயிலிலிருந்து வீடு திரும்புவதை நேயர்களில் பலர் கண்டிருக்கலாம். சென்ற ஆண்டு குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்துக் கொடுத்த ஓலைகளை எரித்தெடுத்த சாம்பல் அது. விபூதிப் புதன் என்பது அந்நாளின் பழைய பெயர். திருநீற்றுப் புதன் என்றும் சொல்லுகிறோம். அன்று தொடங்குவதே தபசு காலம்.

உயிர்ப்புத் திருநாளுக்கு முந்திய தினம் வரை எண்ணினால் 46 நாட்கள் வருகின்றன. இடையிலுள்ள 6 ஞாயிறுகளையும் விரத நாட்களாகக் கொள்வதில்லை. ஆகவே 40 என்பது கணக்கு. உயிர்ப்புத் திருநாளோ, மார்ச்சு 21-ஆம் தேதியிலோ அதன் பின்போ வரும் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு. நம் வீட்டுப் பாட்டிமாரைப் போல ரோமாபுரியும் சந்திரனைக் கேட்டுத்தான் நாள் குறிக்கிறது!

இக்காலத்து அநுஷ்டானங்களுக்குத் தமிழ்க் கத்தோலிக்கரிடையே அழகான இரண்டு சொற்கள் உண்டு. நாளில் ஒரு வேளை மட்டும் வயிறார உண்பது ஒருசந்தி. மாமிசம் விலக்குவது சுத்தபோசனம். முற்காலத்துப் பொதுச் சட்டம் ஞாயிறு நீங்கலாகத் தபசு காலம் முழுவதையும் ஒருசந்தி நாட்களாக விதித்திருந்தது. 1966-இல் பாப்பரசர் ஆறாம் பவுல் அதைத் தளர்த்தினார். திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியுமே இப்பொழுது கட்டாயமான ஒருசந்தி நாட்கள். அதுவும் 18 வயது நிரம்பியவர்க்கு, 59 வயது நிரம்பும் வரையில்தான். மற்ற நாட்களில் என்ன செய்வது என்பதை அவரவர் மனச்சாட்சிக்கும் குடும்பத்துக்கும் விட்டுவிட்டார்கள். இதனால் பாரம் குறைந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். நமக்கோ கூடிவிட்டதாகவே தோன்றுகிறது. விதி இருக்கும்போது கீழ்ப்படிந்தால் போதும். விதி இல்லாதபோது நாமே யோசிக்க வேண்டியிருக்கிறதல்லவா? சட்டம் மீனைத் தடுப்பதில்லை. ஆகையால் வஞ்சிரமீன் குழம்பும் வறுவலுமாகச் சுத்தபோசனம் அநுசரிப்பவரைக் குற்றவாளி என்று யாரும் சொல்ல முடியாது. அவர் வீட்டு அம்மாள் மட்டும் சொல்லலாம்.

வெள்ளிதோறும் 14 ஸ்தலங்களில் முழங்காலிட்டு நடக்கும் சிலுவைப் பாதையைப் பற்றி விரிக்க வேண்டியதில்லை. ஆனால் வியாகுலப் பிரசங்கத்தைக் குறிப்பிடாமல் விட மனம் வரவில்லை. அதை இயற்றியவர் கோவையிலிருந்து அல்ல, கோவாவிலிருந்து 1705-இல் இலங்கை சேர்ந்த யாக்கோமே கோன்சால்வெஸ் சுவாமி. டச்சுக்காரர் கத்தோலிக்கக் குருமாரைத் தடை செய்திருந்த காலம் அது. தாய்மொழி கொங்கணியாயினும், தமிழும் சிங்களமும் கற்று நூல்கள் பல எழுதி 1742-இல் காலமானார். சாங்கோபாங்க சுவாமி என்று தமிழர் அவரை அழைத்தனர். கர்த்தரின் பாடுகளைச் சொல்லும் அந்தப் பிரசங்கங்களை, தபசு காலத்தில் இராகம் போட்டு வாசிக்கும் வழக்கம் ஈழத்துத் தமிழ்க் கோயில்களில் வேரூன்றியது.

இவ்வளவு ஜபமும் விரதமும் மனிதரை எவ்வளவு தூரம் மாற்றின? திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்ற ஊர் உண்டு. 1872-இல் அங்கே கட்டி முடித்த கோயிலில் பீடம் ஒன்று. அதிலிருந்து இரு கைகளாகப் பிரியும் மண்டபங்கள் இரண்டு. ஒரு ஜாதியார் ஒன்றிலும், மற்றவர்கள் மற்றதிலும் இருந்து, ஒருவரையொருவர் காணாமலே ஒரே பூசை காண்பதற்காகச் செய்த ஏற்பாடு! இடையே சுவர் நின்றது. முப்பத்தெட்டுத் தபசு காலங்கள் அந்தச் சுவரோடு கழிந்தன. ஒருசந்தி இருந்தவர்களும் பாவசங்கீர்த்தனம் செய்தவர்களும் இருபுறமும் இருந்திருப்பார்கள். 1910-இல் குருமார் சுவரை இடித்தபோது, உரிமை போயிற்று என்று வழக்குத் தொடுத்தார்கள். அது சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றும் வழக்காடியவர்கள் வெல்லவில்லை. மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்தில் ஹரிஜனப் பிரவேசம் நடந்த 1939-க்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் முந்திய சம்பவம் இது. செங்கல் சுவர் போயிற்று. ஆயினும் ஜாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் பங்குகள் இன்றும் நம் நாட்டில் இருக்கின்றன. சோற்றைக் குறைப்பதைவிட இதைக் குறைப்பது கடினமான ஒருசந்தி போலும்!

பெரிய வியாழனன்று மாலைப் பூசையில், இயேசுநாதர் சீடரின் பாதங்களைக் கழுவியதை நினைத்து, குருவானவர் பங்கு மக்களின் பாதங்களைக் கழுவுகிறார். நெடுங்காலம் இதற்கு ஆண்களை மட்டுமே உட்கார வைத்தார்கள். 2016-இல் பாப்பரசர் பிரான்சிஸ், பெண்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று விதியை மாற்றினார். மாற்றம் ஓலையில் வந்துவிட்டது. பெஞ்சியில் இடம் பெறுவது யார் என்பதைத் தீர்மானிக்கிறவர்கள் உள்ளூர்க்காரர்கள்தாம். பெரியதனக்காரரும் கோயில் கணக்குப் பார்ப்பவரும் வருஷந்தோறும் அதே பெஞ்சியில் அமரும் ஊர்களில், குருத்தோலை ஞாயிறு முடிந்ததும் அந்தப் பட்டியலை எடுத்துப் பார்ப்பது நல்லது. கோயில் கூட்டும் கிழவிக்கும், ஊர்க் கோடியிலுள்ள தெருவிலிருந்து வருகிறவருக்கும் முன்கூட்டியே சொல்லி அனுப்ப அப்போது நாலு நாள் அவகாசம் இருக்கும்.