வலியின் வாசல்

முற்றிய புற்றுநோய், இதயச் செயலிழப்பு, நாள்பட்ட சிறுநீரக நோய், பக்கவாதம் என நீண்டு வாட்டும் நோய்களில் வரும் கடும் வலிக்கு, மார்பின் போன்ற நோய்க்கேற்ற வலி மருந்துகளே முதன்மைச் சிகிச்சை. அவற்றோடு மருந்தில்லா முறைகள் பலவும் நோய் ஆதரவு சிகிச்சையில் கையாளப்படுகின்றன. ஒத்தடம், பிடித்துவிடுதல், படுக்கும் நிலையை மாற்றுதல், மூச்சுப் பயிற்சி, இசை, கதிர்வீச்சு ஆகியவை அவற்றுள் சில. எல்லாம் ஒரே அளவுக்குப் பலன் தருவதில்லை. எது ஏன் பலிக்கிறது என்று அறிய, வலி உண்டாகும் விதத்தைப் பார்க்க வேண்டும்.

காயத்தில் தொடங்கும் செய்தி, மணிக்கயிற்றை இழுத்ததுபோல நேரே மூளைக்குப் போய்ச் சேருகிறது என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 1965இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்னும் இருவர் 'சயின்ஸ்' இதழில் வேறொரு விளக்கத்தை முன்வைத்தனர். வலிச் செய்தி மூளைக்குப் போகும் வழியில், முதுகுத்தண்டுவடத்தில் ஒரு வாசலைக் கடக்க வேண்டியிருக்கிறது. வலியை மெல்லிய நரம்பிழைகள் சுமந்து வருகின்றன. தொடுகையையும் அழுத்தத்தையும் தடித்த இழைகள் சுமக்கின்றன. தடித்த இழைகளின் செய்தி வந்து சேர்ந்தால் வாசல் பாதி சாத்திக்கொள்கிறது. இடித்துக்கொண்ட முழங்காலைக் கை தானாகப் போய்த் தேய்ப்பதற்குக் காரணம் இதுதான். மூளையிலிருந்து கீழிறங்கும் நரம்புகளும் இந்த வாசலைத் திறக்கவோ அடைக்கவோ வல்லவை. அச்சமும் தூக்கமின்மையும் அதை அகலத் திறந்துவைக்கின்றன. இந்தக் கோட்பாட்டின் நுணுக்கங்கள் பின்னாளில் திருத்தப்பட்டாலும் அதன் சாரம் இன்றும் நிற்கிறது.

மனநிலை வலியை எவ்வளவு மாற்றும் என்பதை ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மருத்துவர் இரண்டாம் உலகப் போரின்போது இத்தாலியில் கண்டார். பெருங்காயம் பட்டுக் கிடந்த வீரர்களில் பெரும்பாலோர் வலி மருந்து வேண்டாம் என்றார்கள். போர்க்களத்திலிருந்து உயிரோடு வீடு திரும்பலாம் என்பதே அந்தக் காயத்துக்கு அவர்கள் கண்ட பொருள் என்று பீச்சர் கருதினார். புற்றுநோயாளிக்கு நிலைமை நேர்மாறு. ஒவ்வொரு சுருக்கென்ற வலியும் நோய் பரவுகிறதோ என்ற கேள்வியோடுதான் வருகிறது. செவிலியாகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பிறகு மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ் இதை 'முழு வலி' என்றார். உடல், மனம், குடும்பம், நம்பிக்கை நான்கும் அதில் பின்னிக் கிடக்கின்றன. 1967இல் லண்டனில் அவர் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர் நோய் ஆதரவு இல்லம் இந்த எண்ணத்தின் மீதே எழுந்தது.

மருந்தில்லா முறைகளில் மிக எளியதும், எழுதுவோர் அதிகம் கண்டுகொள்ளாததும் படுக்கையைச் சீராக வைத்திருப்பதே. எழ முடியாதவரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பது, முழங்கால்களுக்கு நடுவே தலையணை கொடுப்பது, குதிகால் மெத்தையில் அழுந்தாமல் பார்த்துக்கொள்வது, காற்று மெத்தை போடுவது ஆகியவை படுக்கைப் புண்ணைத் தடுக்க உதவுகின்றன. புண் வந்தபின் அதன் வலிக்கு மருந்து தேடுவதைவிட இது எவ்வளவோ மேல். மூட்டுகள் இறுகிப் போகாமல் கைகால்களை மெல்ல மடக்கி நீட்டும் இயன்முறைப் பயிற்சியும் இவ்வகையே. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் நோய் ஆதரவு சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன.

பிடித்துவிடுவதன் பலனை அமெரிக்காவில் முறையாகச் சோதித்தார்கள். முற்றிய புற்றுநோய் கொண்ட 380 பேரில் ஒரு பகுதியினருக்குப் பயிற்சி பெற்றவர்கள் மசாஜ் செய்தார்கள். மற்றவர்களின் உடம்பில் கையை வெறுமனே வைத்திருந்தார்கள். தேய்க்கவோ அழுத்தவோ இல்லை. 2008இல் வெளியான முடிவில், மசாஜ் பெற்றவர்களுக்கு உடனடி வலிக்குறைவு கூடுதலாக இருந்தது. ஆனால் கை வைத்தலுக்கும் பலன் தெரிந்தது. நாட்கள் செல்ல, இரு பிரிவுக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. கைத்திறனுக்குக் கிடைத்ததாக நினைத்த பலனில் ஒரு பங்கு, பக்கத்தில் ஒருவர் அமைதியாக உட்கார்ந்து தொட்டதற்கும் உரியது போலும்.

தோலின் வழியே மெல்லிய மின்துடிப்பு செலுத்தும் 'டென்ஸ்' கருவி, வாசல் கோட்பாட்டின் நேரடிப் பயன்பாடு. விற்பனை நடக்கும் அளவுக்குப் புற்றுநோய் வலியில் அதற்குச் சான்று சேரவில்லை. அக்குபஞ்சருக்கு ஓரிடத்தில் சான்று உண்டு. மார்பகப் புற்றுநோய்க்கான ஹார்மோன் குறைப்பு மாத்திரையால் மூட்டுவலி வந்த 226 பெண்களிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. வலி ஓரளவு குறைந்தது, அதிசயம் எதுவும் நடக்கவில்லை.

கவனத்தைத் திருப்பும் முறைகள் மேலிருந்து வாசலை அடைப்பவை. மெதுவாக மூச்சை நீட்டி விடுதல், தசைகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துதல், பிடித்த இசை ஆகியவற்றுக்குச் செலவும் இல்லை, தீங்கும் அரிது. சியாட்டிலில் தீக்காயம் பட்டவர்களுக்குக் கட்டு மாற்றும்போது பனிமலைக் காட்சி நிறைந்த மெய்நிகர் விளையாட்டைக் கண்முன் காட்டினார்கள். கட்டு மாற்றும் அந்த நேரத்தின் வலி வெகுவாகக் குறைந்தது. இரவு பகலாக நீளும் வலிக்கு இது ஈடுகொடுக்காது. அதற்கு, 'இனி தாங்கவே முடியாது' என்று ஓடும் எண்ணத்தை அடையாளம் கண்டு மாற்றப் பழக்கும் உளவியல் பயிற்சி உதவுகிறது.

எலும்புக்குப் பரவிய புற்றுநோய் வலியில் கதிர்வீச்சுக்கு இணையான மருந்தில்லா முறை குறைவு. ஒரே தவணையில் 8 கிரே அளவு கதிர்வீச்சு கொடுத்தாலே, பல நாள் பிரித்துக் கொடுப்பதற்கு நிகராகப் பத்தில் ஆறு பேருக்கு வலி தணிகிறது. பின்னாளில் மறுபடி கொடுக்க நேர்வது மட்டும் ஒரே தவணை பெற்றவர்களிடம் கூடுதல். படுக்கையிலிருப்பவரைத் திரும்பத் திரும்ப மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டியதில்லை என்பதும் சிறிய விஷயம் அல்ல.

தீங்கில்லாதது என்று எதையும் கண்ணை மூடிக்கொண்டு செய்ய முடியாது. உணர்ச்சி மரத்த இடத்திலும் கதிர்வீச்சு பட்ட தோலிலும் வெந்நீர் ஒத்தடம் கொப்புளம் ஆக்கிவிடும். காலில் ரத்தம் உறைந்திருந்தால் அந்தக் காலைப் பிடித்துவிடக் கூடாது. புற்று அரித்த எலும்பை அழுத்தினால் முறியலாம். ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருந்தால் அக்குபஞ்சர் ஊசி குத்துவதும் ஆபத்து. பேஸ்மேக்கர் வைத்தவருக்கு மருத்துவரைக் கேட்காமல் டென்ஸ் கூடாது. மார்பினுக்குப் பயந்து, அதை நிறுத்திவிட்டு மருந்தில்லா முறைகளை மட்டும் நம்புவது நோயாளியை வலியில் விட்டுவிடுவதாகும். புற்றுநோயாளிக்குப் புதிதாக முதுகுவலி வந்து, கால்கள் தளர்ந்தாலோ சிறுநீர் கட்டிக்கொண்டாலோ தண்டுவடம் நசுங்குகிறது என்று ஐயப்பட வேண்டும். அப்போது ஒத்தடத்துக்கு நேரமில்லை. அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.