மழையும் பந்தும்: திருப்பதிக் கல்லூரிக் கோஷ்டியோடு ஒரு பருவம்

சங்கத்து அன்பர்கள் நம்மைக் காணுந்தோறும் வியாபாரத்தைப் பற்றி விசாரிப்பார்கள்; அடுத்தபடி வரன்களைப் பற்றி விசாரிப்பார்கள். 2023-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மட்டும் நாம் அவர்களுக்கு வேறொரு சமாசாரத்தையே சொல்லிக்கொண்டிருந்தோம். கேட்டவர்களில் சிலர் முகம் சுளித்ததும் நமக்குத் தெரியும். பாத்திரக் கடைக்காரர் வீட்டுக்கும் கால்பந்தாட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். சம்பந்தம் இதுதான்: நம் தமக்கையார் மகன் அவ்வாண்டில் திருப்பதியிலுள்ள ஒரு கல்லூரியின் கால்பந்துக் கோஷ்டிக்குக் கோல் கீப்பராக இருந்தான். அது அவனுக்கு மூன்றாம் ஆண்டு. ஆகவே அதுவே கடைசிப் பருவமும் ஆகும்.

ஆடி பிறக்கும் முன்னரே கோஷ்டிக்கு ஆள் பொறுக்கிவிட்டார்கள். பதினெட்டுப் பிள்ளைகள். பீலேரு, புங்கனூர்ப் பக்கத்துத் தெலுங்கர். மதனப்பள்ளியிலிருந்து வந்து வீட்டில் உருது பேசும் இருவர். நகரியில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை ஒருவன். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே மூச்சில் பேசும் குப்பத்துப் பையன் ஒருவன். மைதானத்தில் இவர்கள் பந்து கேட்கும் அழகைக் காதால் கேட்க வேண்டும். ஒருவன் 'இக்கட, இக்கட' என்பான். மற்றொருவன் 'இதர்' என்பான். நம் பையன் கோல் கம்பத்தடியில் நின்றுகொண்டு, 'பின்னால் ஆள் வர்றான்டா' என்று தமிழில் கூவுவான். எல்லாருக்கும் எல்லாம் விளங்கிற்று. 1911-இல் சித்தூர் ஜில்லாவை உண்டாக்கியபோதும், 1953-இல் ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோதும், 1960-இல் திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோதும் எந்த மொழி எந்தப் பக்கம் என்று பெரியவர்கள் வெகுவாக வாதாடினார்கள். 2022-இல் திருப்பதி தனி ஜில்லாவாகவும் ஆகிவிட்டது. பந்து கேட்பதற்கு இவை ஒன்றும் இடைஞ்சலாக இல்லை.

காலை ஆறு மணிக்குப் பயிற்சி. சேஷாசல மலைமேல் வெயில் ஏறுமுன் ஓட்டம், பிறகு பந்து. தரை செம்மண்ணும் சரளையும் கலந்தது. விழுந்தால் தோல் பெயர்ந்துவிடும். முன்வரிசை ஆட்டக்காரனுக்கு விழுவது தற்செயல். கோல் கீப்பருக்கோ விழுவதே தொழில். முழங்கையில் பழந்துணியைச் சுற்றிக்கொண்டு அவன் பாய்வதைப் பார்த்த நம் தமக்கையார், அதன்பின் பயிற்சி பார்க்க வருவதையே நிறுத்திவிட்டார்.

பயிற்சி தருகிறவர் கல்லூரியின் உடற்பயிற்சி ஆசிரியர். இப்படி ஓர் ஆசிரியர் தென்னாட்டுக் கலாசாலைகளில் இருப்பதற்கு மூல காரணமானவரை நாம் மறந்துவிட்டோம் என்றே தோன்றுகிறது. ஹாரி க்ரோ பக் என்ற அமெரிக்கர் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். விளையாட்டைச் சொல்லிக் கொடுப்பதும் ஒரு படிப்பே என்ற எண்ணம் அதன் வழியாகத்தான் நம் பக்கத்தில் வேரூன்றிற்று.

கல்லூரிப் பருவத்தின் கொடுமை ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரே சர்வகலாசாலையைச் சேர்ந்த கல்லூரிகள் தமக்குள் மோதும் பந்தயம் தோற்றவர் வெளியேறும் முறையில் நடப்பது. நான்கு மாதம் விடியலில் எழுந்து ஓடிய பிள்ளைகள், ஒரே பிற்பகலில் தோற்றுவிட்டால் அவ்வாண்டுக் கணக்கு தீர்ந்தது. இந்தப் பந்தயங்களில் கண்ணில் பட்டவர்களைக்கொண்டே சர்வகலாசாலைக் கோஷ்டி அமையும். அக்கோஷ்டி தென்மண்டலப் பந்தயத்துக்குச் செல்லும்; அங்கே முன்னணியில் நின்றால் அகில இந்தியப் பந்தயம். ஸ்ரீ வேங்கடேசுவர சர்வகலாசாலை 1954-இல் ஏற்பட்டது முதல் எத்தனையோ பையன்கள் இந்த ஏணியின் முதற்படியில் கால் வைத்திருப்பார்கள். மேற்படியைக் கண்டவர் சிலரே.

நம் மாமா, அதாவது தமக்கையாரின் கணவர், இதற்கெல்லாம் பரம விரோதி. குடியாத்தத்திலிருந்து சித்தூருக்கு வந்து, பிறர் கடையில் கணக்கெழுதி, பிறகு தாமே பாத்திரக் கடை வைத்தவர். "என்னப்பா, வேற்றூரில் பிழைக்க வந்த நமக்குப் பந்து எதற்கு? நாளைக்குக் கை முறிந்தால் தராசை யார் பிடிப்பது?" என்று ஒருநாள் நம்மிடமே கேட்டார். கேள்வி நியாயமானதுதான். நாம் உடனே பதில் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு அவருக்குத் துளசிதாஸ் பலராமின் கதையைச் சொன்னோம்.

பலராமின் பெற்றோர் தமிழர். அவர் பிறந்தது 1936-இல், செகந்திராபாத்தை அடுத்த அம்முகூடாவில். ஏழ்மையான குடும்பம். மகன் ஏதேனும் ஓர் அரசாங்க உத்தியோகத்தில் அமர வேண்டுமென்பதே தாயின் ஆசை. விளையாடப் பூட்ஸ் வாங்கப் பணமில்லாமல், போலீஸ்காரர் கழித்துப்போட்ட பழைய பூட்ஸைச் சக்கிலியரிடம் கொடுத்துச் செப்பனிட்டுக்கொண்டார் என்று சொல்வதுண்டு. அவரைக் கண்டெடுத்தவர் ஸையத் அப்துல் ரஹீம். பள்ளிக்கூட உபாத்தியாயராக இருந்து, பின்னர் ஹைதராபாத் போலீஸ் கோஷ்டியையும் இந்தியக் கோஷ்டியையும் பயிற்றிய மகா நிபுணர் அவர். ரஹீமின் பயிற்சியில் இந்தியா 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸில் ஆஸ்திரேலியாவை 4–2 என்று வென்று அரையிறுதி வரை சென்றது. 1960-இல் ரோமாபுரியில் ஹங்கேரிக்கு எதிராகவும் பெருவுக்கு எதிராகவும் இந்தியாவுக்குக் கோல் போட்டவர் பலராம். 1962-இல் ஜகார்த்தாவில் தென்கொரியாவை 2–1 என்று வீழ்த்தித் தங்கப் பதக்கம் பெற்ற கோஷ்டியிலும் அவர் இருந்தார். அன்று கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் பிறந்து, ராணுவத்தில் சேர்ந்து ஆடியவர். அவர் முதலில் முன்வரிசையில் ஆடியவர் என்பதைக் கேட்டதும் நம் மருமகனுக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சமல்ல, அவனும் அப்படியே. பலராம் 2023 பிப்ரவரியில் கல்கத்தாவில் காலமானார். நாம் இக்கதையைச் சொன்னது அதே ஆண்டில்.

மாமா முழுவதையும் கேட்டார். "சரி, அந்தப் பூட்ஸுக்கு எவ்வளவு ஆயிற்றாம்?" என்றார். வியாபாரி வியாபாரிதான். ஆயினும் மறுவாரம் பையனுக்குப் புதுக் கையுறை வந்து சேர்ந்தது. எங்கிருந்து வந்தது என்று வீட்டில் ஒருவரும் பேசவில்லை.

முதல் பந்தயத்தில் 3–0. அதைப்பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எதிர்க்கோஷ்டியில் பாதிப்பேர் கிரிக்கெட் ஆடுகிறவர்கள், எண்ணிக்கைக்காக வந்தவர்கள். காலிறுதி அப்படியல்ல. ஆளுக்கொரு கோலாக முடிந்து, பெனால்டி உதைக்குப் போயிற்று. 1970-க்கு முன்னாயின் இப்படிச் சமமாக முடிந்தால் மறு ஆட்டம், அல்லது நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பது. நாணயமே மேல் என்று அன்று நமக்குப் பட்டது. எட்டு கஜ அகலக் கோலுக்கு நடுவே ஒற்றைப் பையன். பன்னிரண்டு கஜத்தில் பந்து. உதைப்பவன் தவறினால் பழி, பிடிப்பவன் தவறினால் பழியில்லை என்பது சாத்திரம். அதனால்தானோ என்னவோ அவன் மிகவும் அமைதியாக நின்றான். நான்காவது உதையை இடப்பக்கம் பாய்ந்து தட்டிவிட்டான். குப்பத்துப் பையன் கடைசி உதையைக் கோலாக்கினான். அந்த இரவு விடுதியில் ஒருவரும் உறங்கியிருக்கமாட்டார்கள்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நம் பக்கத்தில் கால்பந்துப் பருவமும் வடகிழக்குப் பருவமழையும் ஒரே காலத்தில் வருவதை யார் ஏற்பாடு செய்தார்களோ! 2021 நவம்பரில் திருப்பதி வீதிகளில் வெள்ளம் ஓடியதை அன்பர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2023-இல் மிச்சாங் புயல். டிசம்பர் 5-ஆம் தேதி அது பாபட்லா அருகே கரை ஏறியது. அதற்கு முன்பே நம் ஊர்களில் ஏரிகளும் மைதானங்களும் ஒரே தோற்றமாகிவிட்டன. அரையிறுதி ஒத்திப்போயிற்று. பயிற்சி நின்றது. பருவத் தேர்வோ நிற்கவில்லை. பிள்ளைகள் விடுதி வராந்தாவில் பந்தைத் தட்டிக்கொண்டே புத்தகம் படித்தார்கள் என்று கேள்வி.

எதிர்த்து ஆட வேண்டிய கல்லூரி சித்தூர்ப் பக்கத்தது. அதன் காப்டன் நம் மாமாவின் கடையில் வாடிக்கையாகச் சாமான் எடுக்கும் ஒருவரின் பிள்ளை! "எந்தப் பக்கம் ஜெயித்தாலும் நமக்கு நஷ்டம்" என்றார் மாமா. அப்படிச் சொன்னவர், அன்று கடையை ஆளிடம் ஒப்படைத்துவிட்டு, சந்திரகிரி வழியாக வரும் பஸ்ஸில் எழுபது கிலோமீட்டர் பயணம் செய்து, குடையும் கையுமாய் மைதானத்தில் வந்து நின்றார். மகன் கண்ணில் படாமல் கோலுக்குப் பின்புறமாக நின்றதாக அவர் எண்ணம். அவ்வளவு பெரிய குடை யார் கண்ணுக்குத் தப்பும்?

எண்பது நிமிஷம் வரை ஒரு கோலும் இல்லை. தரை முழுதும் சேறு. பந்து உருளாமல் நின்று நின்று போயிற்று. பிறகு வெகுதூரத்திலிருந்து ஓர் உதை. அதில் வேகம் ஒன்றும் இல்லை. நேராக அவன் மார்பை நோக்கியே வந்தது. ஈரம் ஊறிய பந்து கையுறையிலிருந்து சோப்புக் கட்டிபோல் வழுக்கி முன்னே விழுந்தது. ஓடி வந்த எதிரி தட்டிவிட்டான். 0–1. அதற்குமேல் எழுத மனமில்லை.

ஆட்டம் முடிந்ததும் ஒருவரும் அவனைக் குறை சொல்லவில்லை. அதுவே அவனுக்குப் பெரும் துன்பமாக இருந்திருக்கும். நகரிப் பையன் மட்டும் அவன் தோள்மேல் கை போட்டுக்கொண்டு பேசாமல் அமர்ந்திருந்தான். சில நாட்களில் சர்வகலாசாலைக் கோஷ்டிக்கான தேர்வு முகாமுக்குக் குப்பத்துப் பையனை அழைத்தார்கள். நம் மருமகனை அழைக்கவில்லை. இதில் நமக்கு வருத்தமில்லை என்று எழுதினால் அது பொய்.

அன்று மாலை மூவரும் ஒரே பஸ்ஸில் சித்தூர் திரும்பினோம். சந்திரகிரி தாண்டும் வரை பேச்சில்லை. பின்னர் மாமா, "ஈரப் பந்தை எப்படித்தான் பிடிக்க வேண்டும்?" என்று கேட்டார். பையன் முதலில் நம்மைப் பார்த்தான். பிறகு தகப்பனாருக்குச் சொல்லலானான். கையை மட்டும் நம்பலாகாது. உடம்பைப் பந்துக்குப் பின்னால் கொண்டுவந்து மார்போடு அணைக்க வேண்டும். அதற்கும் வழியில்லையேல் பிடிக்கவே முயலாமல் முஷ்டியால் பக்கவாட்டில் குத்திவிட வேண்டும். "இன்று பிடிக்கப் பார்த்தேன் அப்பா" என்றான். "ஈரக் கையால் எவர்சில்வர் அண்டாவைத் தூக்குகிற மாதிரி" என்றார் அவர். காணிப்பாக்கம் கூட்டுச்சாலை வரும் வரையில் இருவரும் அதையே பேசிக்கொண்டு வந்தார்கள்.

2024-இல் படிப்பு முடிந்து அவன் கடைக்கு வந்துவிட்டான். கல்லூரியைத் தாண்டினால் ஆடுவதற்குச் சரியான கோஷ்டி நம் ஊரில் கிடைப்பது அரிது. ரயில்வேக்கும் போலீஸுக்கும் மனுப் போட்டிருக்கிறான், பார்ப்போம். இதற்கிடையே ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்குச் சித்தூரில் பள்ளிப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டி ஆடக் கற்பிக்கிறான். மொழி எதுவாயினும் சேர்த்துக்கொள்கிறான். பிள்ளைகளை அனுப்ப விரும்பும் அன்பர்கள் கடையில் மாமாவிடம் சொன்னால் போதும். வீட்டில் காற்றுப் போன பந்து ஏதேனும் கிடந்தால் அதையும் கொடுத்தனுப்பலாம், ஒட்டுப்போட்டுக்கொள்வான்.