கோளாறு எங்கே இருக்கிறது?

பண்டாரவளையில் மாலை மழை பிடித்துக்கொண்ட நேரம். உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி கைத்தொலைபேசியில் பாடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஆசிரியரின் குரல் திடீரென்று அறுந்துபோகிறது. "ஏன் மகள், டேட்டா முடிந்துவிட்டதா?" என்கிறார் தாயார். முடியவில்லை. ஆயினும் கோளாறு எங்கே என்று அறியாமையால், இன்னொரு முறை ரீலோட் செய்யப்படுகிறது. தோட்டத்துச் சம்பளத்தில் அதுவும் ஒரு செலவன்றோ!

2021 இல், பெருந்தொற்றுக் காலத்தில், ஊவா மலைப்பகுதியிலுள்ள போகிட்டியாவக் கிராமத்துப் பிள்ளைகள் இணையப் பாடத்திற்காகக் காட்டு வழியே பாறை உச்சிக்கு ஏறிச் சென்றதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அங்கே குறை வெளிப்படை: அலை கிராமத்தை எட்டவில்லை. மற்றைய இடங்களிலோ குறை ஒளிந்திருக்கும். கைத்தொலைபேசியிலா, குன்றின்மேற் கோபுரத்திலா, கொழும்பிலா, கடலடிக் கம்பியிலா, சிங்கப்பூர்க் கணினியிலா?

இதனைக் கண்டறியும் கருவிகள் பழையனவே. 1983 இல் அமெரிக்கரான மைக் மூஸ் என்பார் 'பிங்' என்னும் சிறு நிரலை எழுதினார். ஒரு செய்தியை அனுப்பி, அது திரும்பும் நேரத்தை அளப்பதே அதன் வேலை. வான் ஜேக்கப்சன் இயற்றிய 'ட்ரேஸ்ரூட்' இன்னும் சுவையானது. தியத்தலாவைக்கு மட்டும் பயணச்சீட்டு வாங்கிய ஒருவரைக் கொழும்பு வண்டியில் ஏற்றிவிடுகிறோம் என்று கொள்வோம். அவர் அங்கே இறக்கப்பட்டுக் கடிதம் எழுதுகிறார். அடுத்தவருக்கு அப்புத்தளை வரை சீட்டு, அவரும் எழுதுகிறார். இவ்வாறு ஒவ்வொரு நிலையமாகப் பாதை முழுவதும் தெரிந்துவிடுகிறது.

இன்று இச்சோதனைகளை உலகின் பல நகரங்களிலிருந்து ஒரே வேளையில் நடத்தித் தரும் மேகக்கணிமைச் சேவைகள் உள்ளன. 'குளோபல்பிங்' அவற்றுள் ஒன்று. செயற்கை நுண்ணறிவோ தானாக எதையும் அளக்கமாட்டாது. கருவியைக் கேட்டுப் பெறவேண்டும். ஐந்து செயலிகளை ஆறு கருவிகளோடு தனித்தனியே பிணைத்தால் முப்பது இணைப்புகள் வேண்டும். பொதுவான உரையாடல் முறையொன்று இருந்தாற் பதினொன்றே போதும். அத்தகைய முறையாக 2024 நவம்பரில் அன்த்ரொபிக் நிறுவனம் 'எம்.சி.பி.' என்பதை வெளியிட்டது. இனி "இத்தளம் கொழும்பிலிருந்து ஏன் தாமதிக்கிறது?" என்று தமிழிலேயே வினவலாம். நுண்ணறிவு கருவியை ஏவி, வந்த எண்களை வாசித்து விளக்கும்.

விளக்கம் பிழைப்பதும் உண்டு. வழியிலுள்ள சில நிலைய அதிபர்கள் கடிதமே எழுதமாட்டார்கள். ட்ரேஸ்ரூட்டில் அவ்விடம் உடுக்குறியாக நிற்கும். அதைப் பாதை அறுந்ததாக நுண்ணறிவு சொல்லிவிடக்கூடும். ஆதலால் எண்களையும் கேட்டு வாங்குவதே நன்று. அன்றியும், அளக்கும் உரிமையை மட்டும் அதற்குக் கொடுக்கலாம். அமைப்புகளை மாற்றும் திறவுகோலைக் கொடுத்தலாகாது.

எல்லாவற்றினும் முக்கியமானது வேறொன்று. கொழும்பிலிருந்து அளந்த அளவு கொழும்பின் நலத்தையே கூறும். பண்டாரவளைக் குன்றுக்கும் கொழும்புக்கும் இடையே நேர்ந்ததை அது அறியாது. "எங்கிருந்து அளந்தாய்?" என்பதே மாணவர் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி. குளோபல்பிங்கின் சோதனைச் சாவடியொன்றைத் தன்னார்வலர் எவரும் தம் கணினியிலேயே நிறுவலாம். பாடசாலைக் கணினிக்கூடமொன்றில் அது நிறுவப்படுமாயின், அடுத்த மழையன்று அளவு பண்டாரவளையிலிருந்தே தொடங்கும்.