கதவைத் தட்டும் செய்தி

படிவத்தில் ஒருவர் ஆர்டரைப் பதிகிறார். அடுத்த நொடி கணக்குத் தாளில் ஒரு வரி கூடுகிறது, டெலிகிராமில் செய்தி வருகிறது. நடுவில் மனிதக் கை இல்லை. ஒரு சேவையில் நடந்தது இன்னொன்றுக்கு எப்படித் தெரிகிறது?

ஒரு வழி, போய்க் கேட்பது. சில நிமிடத்துக்கு ஒருமுறை "புதிதாக ஏதாவது உண்டா?" பெரும்பாலும் வீண் நடைதான். இன்னொரு வழி வெப்ஹூக். நம் இணைய முகவரியை முன்பே கொடுத்துவைத்தால், அந்தச் சேவையே வந்து கதவைத் தட்டும். டெலிகிராமின் 'பாட்' எனும் தானியங்கிக் கணக்குகளுக்கு இரண்டு வழியும் உண்டு, ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான். யாரும் எடுத்துக்கொள்ளாத செய்தியை டெலிகிராம் 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காது.

வந்து சேர்வது ஜேசன் (JSON) வடிவச் சிறு உரை: "பெயர்": "கயல்", "தொகை": 450. எந்தக் கட்டத்தில் உள்ளது எங்கே போகவேண்டும் என்று சொல்லத்தான் ஸாப்பியர், என்எய்ட்என் போன்ற மென்பொருள்கள். இங்கே மேற்கோள்குறி உயிர்நாடி. தொகை "450" என்று குறிக்குள் வந்தால் அது எண் அல்ல, எழுத்து. ஜாவாஸ்கிரிப்டில் அதோடு 50-ஐக் கூட்டிப் பாருங்கள்: 500 வராது, 45050 வரும்!

என்னைக் கேட்டால், இதைவிடக் கவனிக்க வேண்டியது இரட்டைப் பதிவு. 'கிடைத்தது' என்று நம் கணினி பதில் சொல்லத் தவறினால் டெலிகிராம் அதே செய்தியை மறுபடி அனுப்பும். ஆர்டர் டெலிகிராம் வழியே வந்திருந்தால், அது இருமுறை ஏறிவிடும். அதற்காகவே ஒவ்வொரு செய்தியோடும் ஒரு வரிசை எண் வருகிறது. எண்ணைக் குறித்துவைத்து, மறுபடி வந்தால் ஒதுக்கிவிட வேண்டும்.